கடுகு தாளித்த நண்டுச் சாறு

என் மருமகள் நண்டுக் குழம்பு வைத்தால், மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்ப்பது என் வேலை. முந்தின நாள் மிஞ்சிய கால்கள், உடைத்துப் பாதி தின்ற கொடுக்குகள், ஓட்டுக்குள் ஒட்டிக் கிடக்கும் சதை, எல்லாம் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அடிப்பாவி, இதுல ஒரு சட்டி சாறு இருக்குடி!" என்று கத்துவேன். "பழசுலா அது அத்தே, வயித்துக்கு ஆகாது," என்பாள். இப்போது நாங்கள் இருக்கிற புக்கிட் பெருவாங் வீட்டில் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் நிற்கிறது. அதற்குள் என்னதான் வைப்பார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மீந்த நண்டில் சாறு வைக்க முதல் நாளே யோசிக்க வேண்டும். மறுநாளுக்கு மீதி வைக்கிற எண்ணம் இருந்தால் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றக் கூடாது, விடிவதற்குள் ஊசிப்போகும். படுக்குமுன் மீந்ததை ஒரு கொதி விட்டு மூடி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் சட்டியை வைக்க வேண்டும். காலையில் சதையை வழித்துத் தனியே எடுத்துவிட்டு, காலையும் கொடுக்கையும் ஓட்டையும் உரலில் போட்டு இடிக்க வேண்டும். தட்டினால் போதாது, இடிக்க வேண்டும். யார் மேலாவது கோபம் இருந்தால் வேலை சுலபம். பிறகு மிளகு, சீரகம், பூண்டு நசுக்கிப் போட்டு, கொஞ்சம் புளி கரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டு, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். ஒரு சிம்பு ஓடு தப்பினாலும் தொண்டையைக் கிழித்துவிடும். ரொம்ப நேரம் கொதித்தால் கசக்கும். பதமாக இறக்கினால் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும், ஒரு டம்ளர் குடித்தால் மத்தியானம் வரை கால் தள்ளாடாது.

கடைசியில் தாளிக்க வேண்டும். ஆனால் நான் அந்தக் காலத்தில் தாளிக்கவில்லை. தாளித்த அன்று என் வீட்டில் ரத்தம் சிந்தியது.

அப்போது அவசரகாலம், வெள்ளைக்காரச் சர்க்கார் காட்டுக் கம்யூனிஸ்ட்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். சுங்கை ரம்பாய்க்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும், வயிற்றில் பிள்ளை. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, அதாவது என் அத்தை. கூலி ஜனங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, அதில் துப்பாக்கியோடு ஆளை நிறுத்தியிருந்தார்கள். ஆட்டுப் பட்டி தோற்றது போங்கள்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்கு நாங்கள் சோறு கொடுக்கிறோம் என்று சர்க்காருக்குச் சந்தேகம். அதனால் வீட்டில் ஒரு படி அரிசி வைத்திருக்கக் கூடாது. பொதுக் கொட்டகையில் பொங்கி, தலையை எண்ணி, தட்டில் போட்டார்கள். கறி, மீன் மட்டும் வீட்டில் ஆக்கிக்கொள்ளலாம். வாசலைத் தாண்டி ஒரு கவளம் சோறு போகக் கூடாது, ஒரு பிஸ்கட் போகக் கூடாது. மரம் வெட்டப் போகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்கள், தண்ணீரோ சீனி போடாத கோப்பியோ கொண்டுபோகலாம், அவ்வளவுதான். மீறிப் பிடிபட்டால் லாரி வரும். லாரியில் ஏறினவன் முகாமுக்குப் போவான், முகாமிலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு ஏற்றிவிடுவார்கள். இந்தியாவில் எங்களுக்கு யார் இருந்தார்கள்? என் வீட்டுக்காரர் பிறந்ததே அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில்.

கம்பிக்கு வெளியே காட்டில் இருந்தவர்கள் மட்டும் என்ன, பூப் போட்டா கும்பிட்டார்கள்? பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி போலீசுக்குத் தகவல் சொன்னார் என்று, பால் மரத்தில் கட்டி வைத்து வெட்டிப் போட்டார்கள். வெட்டின உடம்பை மாட்டு வண்டியில் எங்கள் வாசல் வழியாகத்தான் கொண்டுபோனார்கள், வண்டிச் சக்கரத்துக்குக் கீழே சொட்டிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் போனால் வெட்டு, இந்தப் பக்கம் நின்றால் உதை. எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில் என் வீட்டுக்காரருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து உலுக்கி எடுத்துவிட்டுப் போனது. ஆள் பாதியாகிவிட்டார். விடியலில் வெறும் வயிற்றோடு போய், மரம் வெட்டி, பால் எடுத்துத் திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். இரண்டு தடவை மரத்தடியில் மயங்கி விழுந்துவிட்டார். ரோந்து வருகிற பட்டாளம், விழுந்து கிடக்கிறவனை எழுப்பிப் பெயர் கேட்குமா? காட்டுக்காரன் என்று சுட்டுவிட்டுப் போய்விடும். அந்தப் பயத்தில்தான் எனக்குச் சாற்று யோசனை வந்தது.

மீந்த இறால் தலை, ஓடு, முந்தின நாள் அவித்த கெராங் சிப்பி, எது கிடந்தாலும் இடித்துக் கொதிக்க வைத்து வடிகட்டுவேன். கோப்பி பாட்டிலில் ஊற்றி, பழைய பேப்பரைச் சுருட்டி அடைப்பேன். பார்ப்பதற்குக் கோப்பி மாதிரியே இருக்கும். தாளிக்காததால் வாசம் அவ்வளவாக எழாது. ஒன்பது மணி வாக்கில் மரத்தடியில் உட்கார்ந்து அவர் குடித்துக்கொள்வார். அதற்கப்புறம் அவர் விழவில்லை.

வாசலில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் ஒருவன் என் கூடப் பிறந்த அண்ணன். எஸ்.சி. என்றுதான் சொல்வோம். மற்றவர்கள் மலாய்க்காரப் பையன்கள், நடுவில் இவன் ஒருத்தன். காக்கி உடுப்பைப் போட்டதும் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வந்துவிட்டது அவனுக்கு. தினமும் என் வீட்டுக்காரரின் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, ஒரு குலுக்குக் குலுக்கித் திருப்பிக் கொடுப்பான். திறக்க மாட்டான். தெரிந்து விட்டானா, தெரியாமல் விட்டானா என்று நான் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. கடற்கரைப் பக்கம் போய் ஒரு கோணிப்பை நிறைய நண்டு வாங்கிக்கொண்டு வந்தான். பையைத் தரையில் வைத்ததும் அது தானாக நகர்ந்தது. "ஒன் அண்ணன் என்ன கொண்டாந்திருக்கேன் பாருலா!" என்று ஒரே அலட்டல். மிளகு தூக்கலாக, தேங்காய் இல்லாமல் ஆக்கினேன். அவனும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து, பல்லாலேயே கொடுக்கை உடைத்துத் தின்றார்கள். என் வீட்டுக்காரருக்குப் பல் அப்படி, தேங்காய் நாரையே உரிப்பார்.

"மாப்ளே, ஒடம்பு தேறிடுச்சு போலருக்கே. தங்கச்சி என்னா குடுக்குறா?" என்றான் அண்ணன்.

"கோப்பிதான் மச்சான்," என்றார் இவர்.

"அடேங்கப்பா, அது என்னா கோப்பிலா? எனக்கும் ரெண்டு பாட்டில் குடு புள்ள," என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து மீந்த நண்டை இடித்தேன். வடிகட்டிய சாற்றைப் பாட்டிலில் ஊற்றப் போகிற நேரத்தில் அத்தை வந்து நின்றார். அவர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர், வழக்கமாக எனக்கு முன்பே கிளம்பிப் போய்விடுவார். அன்றைக்குப் பல்வலி என்று வீட்டில் இருந்தார்.

"என்னாடி இது, தாளிக்காம ஊத்துற?"

"வாசம் வரக் கூடாது அத்தே. வாசல்ல புடிச்சிடுவாங்க."

"எழவு வீட்லதான்டி தாளிக்காம ரசம் வெப்பாங்க. எம் புள்ள குத்துக்கல்லாட்டம் உசுரோட நிக்கிறான். வெளிய போற நேரத்துல இதையா கையில குடுப்ப? நீ நல்லா இருப்பியா?"

எங்கள் வழக்கம் அதுதான். செத்த வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. காரியம் முடிகிற வரை ரசமோ குழம்போ தாளிக்காமல்தான் இறக்குவார்கள். அத்தனை நாளும் அது என் மனதில் உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு நாளும் பாட்டிலை அடைக்கும்போது முருகா முருகா என்று சொல்லிக்கொண்டுதான் அடைத்தேன். அத்தை வாய் விட்டுச் சொன்ன பிறகு அப்படியே அடைத்துக் கொடுக்க மனசு வரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி வேறு. கரண்டியில் எண்ணெய் காய வைத்து, கடுகு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டுச் சாற்றில் கொட்டினேன். வீடே மணத்தது. மறுபடி துணியில் வடிகட்டினேன். கடுகை வடிகட்டலாம், வாசத்தை எப்படி வடிகட்டுவது? நேரமாகிவிட்டது. அண்ணன்தானே வாசலில் நிற்கிறான் என்ற தைரியத்தில் பேப்பரை இறுக்கி அடைத்துக் கொடுத்துவிட்டேன்.

வாசலுக்குப் பக்கத்தில்தான் தண்ணீர்க் குழாய். வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அன்றைக்கென்று ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் துரை ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். ஆம்பளைகளின் மடியை அவிழ்க்கச் சொன்னார்கள், பொம்பளைகளின் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். பால் வாளியைக் கவிழ்த்துத் தட்டினார்கள். என் வீட்டுக்காரர் முறை வந்தது. அண்ணன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, குலுக்கி, திருப்பிக் கொடுக்கப் போனான். துரை பிரம்பை நீட்டிப் பாட்டிலைத் தொட்டார். திற என்று சைகை.

அண்ணன் பேப்பரைப் பிடுங்கினான். அவன் மூக்கு விடைத்ததைப் பார்த்தேன். எனக்கு நிற்கிற இடத்திலேயே பெருங்காய வாசம் வந்தது, அல்லது வந்ததாகத் தோன்றியது. பாட்டிலைச் சாய்த்து ஒரு வாய் குடித்தான். அவன் கொண்டுவந்த நண்டு, அவன் தின்று மீந்த நண்டு. அவனுக்கா தெரியாது? என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"சம்சு, துவான்! சம்சு!" என்று கத்தினான். துவான் என்றால் துரை, சம்சு என்றால் திருட்டுச் சாராயம். கத்திக்கொண்டே பாட்டிலைக் கம்பித் தூணில் அடித்து நொறுக்கினான். திரும்பின வேகத்தில் துப்பாக்கிக் கட்டையால் என் வீட்டுக்காரர் வாயில் இடித்தான். காய்ந்த விறகு முறிகிற சத்தம். இவர் மல்லாக்க விழுந்தார். எழப் பார்த்தவரை முழங்காலால் அமுக்கி, கழுத்தைப் பிடித்து, காது பக்கம் குனிந்து ஏதோ திட்டிவிட்டு, பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். மண்ணில் பல்லும் ரத்தமும் கண்ணாடித் துண்டும் கிடந்தன. துரை ஏதோ சொல்லிச் சிரித்தார். தமிழனுக்குக் குடி இல்லாமல் ஆகாது என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்கினவர் இல்லை. அவரை ஊர் ஜனம் அத்தனைக்கும் முன்னால் குடிகாரன் என்று சொல்லி, நாயை அடிக்கிற மாதிரி அடித்துவிட்டான். சொந்த மச்சான்! என் சோற்றைத் தின்ற கை காயவில்லை. இரண்டு பேர் இவரைத் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். முன்பல் மேலும் கீழும் போயிருந்தது, தாடை ஒரு பக்கம் தொங்கியது. ஏதோ சொல்ல வந்தார், வாயிலிருந்து ரத்தக் குமிழிதான் வந்தது. என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அடுப்பில் இடித்த ஓட்டுக்கு இரண்டாம் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன், சாயங்காலக் குழம்புக்கு. அது தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பின்வாசலில் நிழல் தட்டியது. அண்ணன் நின்றான். தொப்பியைக் கையில் கழற்றி வைத்திருந்தான்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம் கேளு..."

நான் கேட்கவில்லை. துணியைப் பிடித்துச் சட்டியோடு தூக்கி அவன் மேல் ஊற்றினேன். முகத்துக்குத்தான் குறி வைத்தேன். வலது கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டதால் முகம் தப்பியது. கையும், கழுத்தும், காதுக்குக் கீழேயும் வெந்துபோனது. இடித்த ஓடு காக்கிச் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

அவன் அலறவில்லை. தொப்பியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு, சுவரில் நெற்றியை முட்டி முட்டி நின்றான். தொண்டைக்குள்ளிருந்து மாடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அத்தை வாளித் தண்ணீரைத் தூக்கி அவன் மேல் கொட்டினார். சட்டையை இழுத்தபோது தோலும் கூடவே வந்தது. "சாவு! நல்லா சாவு!" என்று நான் கத்தினேன். அவன் வெந்த கையாலேயே என் வாயைப் பொத்தினான்.

"கத்தாதடி. வாசல்ல ஆளு இருக்கான்," என்றான். அப்படியே பின்பக்கமாகப் போய்விட்டான். பொதுக் கொட்டகையில் கஞ்சி அண்டா சரிந்து ஊற்றிவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆயுதம் பிடித்த எஸ்.சி. மேல் கொதிக்கிறதை ஊற்றினவளை என்ன செய்திருப்பார்கள் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் தோன்றவில்லை.

அந்த வாரமே எங்கள் வரிசைக் கடைசி வீட்டு மனிதரைப் பிடித்தார்கள். நல்ல மனிதர், பேசத் தெரியாதவர். மடியில் ஒரு கைப்பிடி சோற்றை இலையில் சுருட்டி வைத்திருந்தார். தான் தின்னத்தான். அவரைப் பிடித்த எஸ்.சி. வேறொருவன், அடிக்கவில்லை, திட்டவில்லை. தோளைத் தொட்டு, அந்தப் பக்கம் நில்லுங்கள் என்று மரியாதையாகச் சொன்னான். சாயங்காலம் லாரி வந்தது. அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு ஏறி உட்கார்ந்தார். அவர் பெண்சாதி லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி, முள்கம்பியில் முந்தானை மாட்டி நின்றுவிட்டாள். கப்பல் ஏற்றிவிட்டதாக ரொம்ப நாள் கழித்துத் தகவல் வந்தது. அவள் ரெம்பியாவில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவர் திரும்பி வரவில்லை.

லாரி போன அன்று சாயங்காலம் நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவருக்கு வாய் வீங்கி நாக்கு அசையவில்லை. லாரிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வர இன்னும் பல நாள் ஆனது. வந்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"மச்சான் காதுல சொன்னாரு. 'எந்திரிக்காத மாப்ளே, அப்படியே கெட. எந்திரிச்சா லாரிதான்'ன்னு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. குடிகாரன் என்றால் உதை வாங்கிவிட்டு வீட்டுக்கு வரலாம். நண்டுச் சாறு என்றால் உணவு, உணவென்றால் லாரி. பாட்டில் முழுசாக இருந்தால் துரை மோந்து பார்ப்பார், அதனால் நொறுக்கினான். மெதுவாக அடித்தால் துரை நம்ப மாட்டார், அதனால் பல்லை உடைத்தான்.

இதைக் கேட்டதும் நான் ஓடிப்போய் அவன் காலில் விழுந்தேன் என்று நினைக்காதீர்கள். விழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்க மாட்டேன். கட்டினவனை அடித்துப் போட்டால் எந்தப் பொம்பளைக்கு நிதானம் இருக்கும்? அவனும் தாடையை உடைத்ததற்கு இவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழந்தை பிறந்து பேர் வைக்கிற அன்று வந்தான். கையில் தோல் இறுகி விரல் மூன்று மடங்கியே நின்றுவிட்டது. அந்தக் கையாலேயே பிள்ளையை வாங்கினான். அத்தை, "சாப்புட்டுப் போப்பா," என்றார். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

கம்பியைப் பிடுங்கிப் போட்ட பிறகு நாங்கள் டவுனுக்கு வந்தோம். அவனும் வந்தான். நண்டு வாங்கினால் இரண்டு பேரும் ஆஜர். ஒருத்தருக்குக் கடிக்கப் பல் இல்லை, இன்னொருத்தனுக்கு உடைக்க விரல் இல்லை. "ரெண்டு நொண்டிக்கும் நான் ஒருத்திதான் ஒலக்கையா?" என்று திட்டிக்கொண்டே இடிப்பேன். வடிகட்டி, கடுகு வெடிக்க வெடிக்கத் தாளித்து, டம்ளரில் ஊற்றி வைப்பேன். ஊதி ஊதிக் குடிப்பார்கள். அந்தக் காலையைப் பற்றி மூன்று பேரும் ஒரு தடவை வாய் திறந்ததில்லை. தாளிக்கிற சத்தம் கேட்டால் மட்டும் அண்ணன் கழுத்தைத் தடவிக்கொள்வான்.

என் வீட்டுக்காரர் வயதாகித்தான் போனார். லாரியில் இல்லை, கப்பலில் இல்லை, மரத்தடியில் குண்டு பட்டும் இல்லை. என் வீட்டுக் கட்டிலில், என் கை அவர் நெஞ்சின் மேல் இருக்கும்போது போனார். நான் அழவில்லை. கண்ணீரே வரவில்லை. ஜனங்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். எடுத்துக்கொண்டு போன பிறகு சாயங்காலம் அண்ணன் வந்தான். பிறந்த வீட்டுச் சாப்பாடு அவன்தானே கொண்டு வர வேண்டும்? கையில் டிபன் கேரியர். எல்லாரும் சொல்லியும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த என் முன்னால் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தான். மடங்கின விரலால் மூடியைத் தட்டித் தட்டித் திறந்து, டம்ளரில் ரசத்தை ஊற்றி நீட்டினான். மேலே ஒரு கடுகு மிதக்கவில்லை, ஒரு கறிவேப்பிலை இல்லை.

"தாளிக்கல, தங்கச்சி," என்றான். "குடி."

அந்த டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.